சுண்ணாம்பு மறைக்கும் அமிலம்

நிலக்கரிச் சுரங்கம் வந்தால் நிலத்தடி நீர் கெட்டுப்போகும் என்று நாம் சொன்னால், எதிரே இருப்பவர்கள் ஒரு தாளை எடுத்து நீட்டுவார்கள். "பாருங்க, பி.எச். 7.4. அமிலமும் இல்ல, காரமும் இல்ல. அப்புறம் என்ன பிரச்சினை?" என்பார்கள். நம்மில் பலர் அந்த இடத்திலேயே வாயடைத்துப் போகிறோம். அந்தத் தாளுக்கு நாம் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். சுண்ணாம்புப் பாறை உள்ள மண்ணில் பி.எச். அளவு ஒரு முகமூடி. அது சரியாக இருப்பதாலேயே தண்ணீர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2023 மார்ச் இறுதியில் ஒன்றிய அரசு ஏலத்துக்கு வைத்த நிலக்கரிப் பகுதிகளின் பட்டியலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, வடசேரி, மைக்கேல்பட்டி என்று நம் மூன்று பகுதிகள் இருந்தன. உழவர்கள் கொதித்தார்கள், சட்டமன்றத்தில் பேச்சு எழுந்தது, முதலமைச்சர் கடிதம் எழுதினார். சில நாட்களிலேயே மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நல்லது. ஆனால் பட்டியலிலிருந்துதான் பெயர் போனது, பூமிக்கு அடியிலிருந்து நிலக்கரி போகவில்லை. இன்னொரு பட்டியல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அன்றைக்கு நம் கையில் என்ன ஆதாரம் இருக்கும் என்பதுதான் கேள்வி.

முட்டைக் கரைசலில் இருக்கும் வேதியியல்

நிலக்கரி தனியாக இருப்பதில்லை. அதோடு கலந்து பைரைட் என்ற கனிமம் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது அது. பூமிக்கு அடியில், காற்றுப் படாத ஈரத்தில், எத்தனை லட்சம் ஆண்டுகள் ஆனாலும் அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். சுரங்கம் தோண்டும்போது இரண்டு காரியம் நடக்கிறது. நிலக்கரியை உடைப்பதால் பைரைட் வெளியே வருகிறது. சுரங்கத்தில் நீர் தேங்காமல் இருக்க இரவு பகலாக இறைப்பதால் நீர்மட்டம் கீழே போய், இதுவரை நனைந்தே கிடந்த பாறை இடுக்குகளில் காற்று நுழைகிறது. காற்று, தண்ணீர், பைரைட் மூன்றும் சேர்ந்தால் கந்தக அமிலம். சில நுண்ணுயிர்கள் இந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்துகின்றன. மண்ணில் நமக்கு உழைக்கும் நுண்ணுயிர்களைப் போலவே அவையும் தங்கள் சாப்பாட்டைத்தான் பார்க்கின்றன. அவற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டது மனிதன்.

இந்த அமிலம் மணற்பாறை வழியாகப் போனால் அமிலமாகவே போகும். நாக்கில் வைத்தால் புளிக்கும், இரும்புக் குழாயை அரிக்கும், ஓடையில் துரு நிறம் படியும். யாராலும் மறைக்க முடியாது.

சுண்ணாம்புப் பாறையில் நடப்பது வேறு. இதை நம் உழவர்களுக்கு விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. முட்டை அமினோ அமிலம் தயாரிக்காத இயற்கை உழவர் யார்? எலுமிச்சைச் சாற்றில் முட்டைகளை மூழ்க வைக்கிறோம். ஓட்டின் மேல் குமிழ் குமிழாக வருகிறது. பத்து நாளில் ஓடு கரைந்து முட்டை கொழகொழவென்று ஆகிவிடுகிறது. முட்டை ஓடும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். குமிழாக வெளியேறுவது கரியமில வாயு. சாற்றின் புளிப்புக் குறைந்திருக்கும். ஆனால் கரைந்த ஓடு எங்கே போனது? சாற்றுக்குள்ளேதான் இருக்கிறது.

நிலத்தடியிலும் இதே கதைதான். அமிலம் சுண்ணாம்பைத் தின்கிறது, புளிப்பு அடங்குகிறது, பி.எச். ஏழுக்கு மேல் வந்துவிடுகிறது. ஆனால் கரைந்த கால்சியமும் அமிலத்திலிருந்த சல்பேட்டும் தண்ணீரிலேயே தங்கிவிடுகின்றன. பெயர் மாறியதே தவிர ஆள் போகவில்லை.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ பைரைட் முழுவதும் காற்றுப் பட்டுச் சிதைந்தால், அதன் அமிலத்தை அடக்க ஏறக்குறைய 1.67 கிலோ சுண்ணாம்புக்கல் கரைய வேண்டும். கிடைக்கும் சல்பேட் 1.6 கிலோ. குடிநீரில் சல்பேட் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 400 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டு அளவுகோல். அதன்படி ஒரே ஒரு கிலோ பைரைட் 4,000 லிட்டர் தண்ணீரை அந்தக் கடைசி வரம்பு வரை கொண்டுபோய்விடும். அதே தண்ணீரின் கடினத்தன்மையும் லிட்டருக்கு 400 மில்லிகிராம் போலக் கூடிவிடும். இத்தனைக்கும் பி.எச். தாளில் 7.4 என்றே எழுதியிருக்கும்.

"ஜிப்சம்தானே, நல்லதுதானே?"

இந்த இடத்தில் விவரமான உழவர் ஒருவர் குறுக்கே கேட்பார். "கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தா ஜிப்சம். களர் நிலத்துக்கு நாமே காசு கொடுத்து வாங்கிப் போடறோம். நிலக்கடலைக்கும் போடறோம். அது எப்படிங்க கெடுதலாகும்?"

சரியான கேள்வி. மருந்தை அளந்து, நோய்க்குக் கொடுத்தால்தான் மருந்து. களர் நிலத்தில் சோடியத்தை விரட்ட ஒருமுறை ஜிப்சம் இடுகிறோம், பிறகு நல்ல தண்ணீர் விட்டு உப்பை வடிக்கிறோம். அந்த நல்ல தண்ணீரே ஜிப்சம் தண்ணீராக வந்தால் எதைக் கொண்டு வடிப்பது? ஒவ்வொரு பாசனத்துக்கும் நிலத்தில் உப்பு ஏறும். சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். சல்பேட் மிகுந்த தண்ணீரைத் தொடர்ந்து குடிக்கும் கன்றுகளுக்குக் கழிச்சல் வரும். நீர் தேங்கிய நெல் வயலில் காற்றில்லாத சேற்றில் சல்பேட் அழுகின முட்டை நாற்றமடிக்கும் வாயுவாக மாறும். மண்ணில் இரும்புச் சத்து குறைவாக இருந்தால் அந்த வாயு வேரைக் கறுக்க வைக்கும்.

அதைவிடப் பெரிய சங்கதி உலோகங்கள். பி.எச். ஏறும்போது இரும்பும் அலுமினியமும் பெரும்பாலும் படிந்துவிடும். ஆனால் மாங்கனீசும் நிக்கலும் அவ்வளவு லேசில் படியாது, நடுநிலைத் தண்ணீரிலும் கரைந்தே பயணம் செய்யும். படிகின்ற இரும்பாவது ஒழிந்ததா என்றால், அதுவும் இல்லை. அது சுண்ணாம்புக் கல்லின் மேலேயே துருப் பூச்சாகப் படிகிறது. பூச்சு தடிக்கத் தடிக்கக் கல்லுக்கும் அமிலத்துக்கும் இடையே சுவர் எழும்புகிறது. அதன்பின் வரும் அமிலம் அடங்காமல் அப்படியே கடந்துபோகும். சுண்ணாம்பு நமக்காகக் கடன் வாங்கித்தான் சமாளிக்கிறது. கடன் முடியும் நாளில் பி.எச். சரியும். அதற்குள் சுரங்கக்காரர்கள் மூடிவிட்டுப் போயிருப்பார்கள்.

மூடிய பிறகும் தொல்லை தீராது. இறைப்பதை நிறுத்தினால் நீர்மட்டம் ஏறும். காற்றுப் பட்ட இடுக்குகளில் இத்தனை ஆண்டுகள் பூத்துக்கிடந்த உப்பையெல்லாம் அந்த நீர் ஒரே மூச்சில் கரைத்துக்கொண்டு வரும். பல ஊர்களில் சுரங்கம் ஓடியபோது இருந்ததைவிட மூடிய பிறகு வந்த முதல் நீர்தான் மோசமாக இருந்திருக்கிறது.

மேகாலயாவில் நீலமான ஆறு

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. நம் நாட்டிலேயே கண்ணால் பார்க்க இடம் இருக்கிறது. மேகாலயாவின் ஜைந்தியா மலைப்பகுதியில் கந்தகம் மிகுந்த நிலக்கரியும் சுண்ணாம்புப் பாறையும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. சுண்ணாம்பை மழைநீர் அரித்து உண்டாக்கிய குகைகள் அங்கே பல கிலோமீட்டர் நீளம் ஓடுகின்றன. அந்த மாதிரிப் பாறையில் நிலத்தடி நீர் என்றால் மணலில் ஊறிக் கசியும் நீர் இல்லை, குழாய்க்குள் ஓடும் நீர். மணல் அடுக்கில் நாளுக்குச் சாண் அளவு நகரும் மாசு, சுண்ணாம்புக் குகையில் ஒரே நாளில் அடுத்த ஊரின் ஊற்றில் போய் எட்டிப் பார்க்கும். நடுவில் வடிகட்ட ஒன்றும் கிடையாது.

அங்கே எலிவளை மாதிரிக் குழி தோண்டிக் குனிந்து போய் நிலக்கரி வெட்டினார்கள். 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்குத் தடை போட்டது. தடையை மீறி ஓடிய குழிகளில் ஒன்றில்தான் 2018 டிசம்பரில் ஆற்று நீர் புகுந்து 15 தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள்.

அந்த மலையின் தண்ணீருக்கு என்ன ஆனது என்பதற்கு இரண்டு ஆறுகள் சாட்சி. கோபிலி ஆற்றுக்கு வந்தது பச்சையான அமில நீர். அசாம் எல்லையில் உள்ள நீர்மின் நிலையத்தின் எந்திரங்களையே அது அரித்துவிட்டது. எந்திரம் அரித்ததும் பொறியாளர்கள் புகார் எழுதினார்கள், கோப்பு நகர்ந்தது, காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. சுண்ணாம்புப் பகுதியோடு உறவாடும் லுக்கா ஆறோ 2007 வாக்கிலிருந்து குளிர்காலம் வந்தாலே நீலமாக மாற ஆரம்பித்தது. மீன்கள் செத்து மிதந்தன. பார்க்க அழகான நீலம், ஆனால் உயிரில்லாத நீலம். ஏன் நீலம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சிலர் நிலக்கரிச் சுரங்கத்தின் அமிலக் கழிவைக் கைகாட்டினார்கள், சிலர் அங்கே வந்த சிமெண்ட் ஆலைகளைக் கைகாட்டினார்கள்.

நமக்குப் பாடம் இங்கேதான். அமிலம் வெளிப்படையாகத் தெரிந்த ஆற்றில் குற்றவாளி உடனே பிடிபட்டார். சுண்ணாம்பு நடுவில் புகுந்த ஆற்றில் விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஆறு கெடுவதற்கு முன் எப்படி இருந்தது என்று ஊர்க்காரர்களிடம் எழுதி வைத்த கணக்கு இருந்திருந்தால் இவ்வளவு நீளமாக வாதம் நடந்திருக்காது.

சீனத்திலும் ஓர் உதாரணம் உண்டு. ஷான்ஷி மாகாணத்தில் நிலக்கரி அடுக்குகளுக்கு அடியிலேயே சுண்ணாம்புப் பாறையின் நீர் இருக்கிறது. தையுவான் நகரத்தின் அருகே நூற்றாண்டுகளாகக் கோயிலையும் நெல் வயல்களையும் நனைத்த ஜின்சி ஊற்று 1994இல் நின்றுபோனது. ஆழ்துளைக் கிணறுகளும் சுரங்கங்களும் போட்டி போட்டு இறைத்ததன் பலன்.

நெய்வேலியும் அரியலூரும்

நம் பக்கம் வருவோம். நெய்வேலியில் நிலக்கரி இருப்பது சுண்ணாம்பில் இல்லை, மணற்பாறையில். அந்தப் பழுப்பு நிலக்கரியில் கந்தகமும் மேகாலயா அளவுக்குக் கிடையாது. உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் நமக்குப் பலம். நெய்வேலியின் முதல் பிரச்சினை வேறு. நிலக்கரிக்கு அடியில் இருக்கும் நீர் மேல்நோக்கி முட்டுகிறது. இறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வரும். அதனால் 1961 முதல் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். தானாகப் பொங்கிய ஊற்றுக் கிணறுகள் இருந்த மண் அது. நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டதே 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் நீருக்காகத் துளை போட்டபோதுதான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்று உழவர்கள் நீரைத் தேடி ஆழத்துக்கு மேல் ஆழம் போகிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விடும் நெல்லுக்குள் எந்திரத்தை இறக்கியதை நாம் மறக்கவில்லை. பயிர் அழிந்ததைப் படம் பிடிக்க முடிந்தது. அடியில் தண்ணீர் மாறுவதைப் படம் பிடிக்க முடியாது.

வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர். கடல் வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான சுண்ணாம்புக்கல் அந்த மாவட்டத்தின் மேற்கே, பழுப்பு நிலக்கரி கிழக்கே ஜெயங்கொண்டம் பக்கம். ஒரு பக்கம் சிமெண்டுக்காக வெட்டிய பள்ளங்கள், இன்னொரு பக்கம் நிலக்கரிக்காகக் காத்திருக்கும் கண்கள். ஜெயங்கொண்டத்தில் 1990களில் 13 ஊர்களில் நிலத்தை எடுத்தார்கள். கால் நூற்றாண்டு இழுத்தடித்து, சுரங்கமும் வராமல், கடைசியில் நிலத்தைத் திருப்பித் தருகிறோம் என்று அரசு அறிவித்தது. இதற்குள் ஒரு தலைமுறை நிம்மதியாக ஒரு கிணறு வெட்ட முடியாமல் போய்விட்டது.

2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் இடம்பெற்றன. அரியலூர் விடுபட்டது. மூன்று ஏலப் பகுதிகளில் ஒன்றான மைக்கேல்பட்டி அரியலூர்ப் பக்கத்தைச் சேர்ந்தது. சட்டத்துக்கு மாவட்ட எல்லை இருக்கலாம், நிலத்தடி நீருக்குக் கிடையாது. அதனால் அரியலூரைச் சேர்க்க வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

நம்மாழ்வார் ஐயா தம் கடைசி நாட்களில் காவிரிப் படுகை முழுக்க நடந்து சொன்னதும் இதுதானே! மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரி அடுக்கிலிருந்து மீத்தேன் எடுக்க, முதலில் அந்த அடுக்கின் நீரை இறைத்து வெளியே தள்ள வேண்டும். வாயு அவர்களுக்கு, வறண்ட நிலம் நமக்கு. அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அவர் மறைந்தார். 2015இல் தமிழக அரசு அந்தத் திட்டத்தை நிராகரித்தது. மக்கள் புரிந்துகொண்டதால் கிடைத்த வெற்றி அது.

இரும்புலியூரில் இருந்துகொண்டு பேசலாமா?

நான் இருப்பது தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில். பைபாஸ் சாலை ஜி.எஸ்.டி. சாலையைத் தொடும் இடம். "நெய்வேலி கரண்ட்ல ஃபேன் ஓடுது, அங்க உட்கார்ந்து நிலக்கரி வேண்டாம்னு எழுதறீங்களா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், நியாயம்தான். ஓடும் சுரங்கத்தை நாளைக் காலையே மூடு என்று நான் சொல்லவில்லை. புதுசாக ஒன்றைத் தோண்டுவதற்கு முன், அதனால் கெடும் தண்ணீரின் விலையையும் மின்சாரக் கணக்கில் சேர் என்கிறேன். அந்த விலையை இப்போது கட்டுவது நகரத்துக்காரன் இல்லை, சுரங்கத்தைச் சுற்றியிருக்கும் உழவர்.

நகரத்துக்கும் இதில் சொந்தக் கவலை உண்டு. 2004 முதல் வீராணம் தண்ணீர் சேத்தியாத்தோப்பு வழியாகத்தான் சென்னைக்கு வருகிறது. ஏலப் பட்டியலில் இருந்த அதே சேத்தியாத்தோப்புதான். அங்கே தண்ணீர் கெட்டால் இங்கே குழாய் திறப்பவருக்கும் வலிக்கும்.

எங்க ஊரில் பாறை கருங்கல், சுண்ணாம்பு இல்லை. ஆனால் ஒற்றை எண்ணை நம்பும் வியாதி இங்கேயும் இருக்கிறது. சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர் பேனா மாதிரி ஒன்றை டம்ளருக்குள் விட்டு, டி.டி.எஸ். எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவார். மொத்தம் எவ்வளவு உப்பு என்றுதான் அந்தப் பேனா சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது. பி.எச். தாள் புளிப்பை மட்டும் சொல்லும், புளிப்பு எங்கே போய் ஒளிந்தது என்று சொல்லாது. விற்பவர்கள் ஓர் எண்ணைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள், தோண்டுபவர்கள் ஓர் எண்ணைக் காட்டிச் சமாதானப்படுத்துகிறார்கள்.

கிணற்றுக்கு ஒரு நோட்டு

அப்படியானால் என்ன செய்வது? சுரங்கம் வந்த பிறகு அளந்தால் நம் அளவுக்கு மதிப்பில்லை. "உங்க ஊர்த் தண்ணி ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். திட்டக்காரர்கள் தரும் சுற்றுச்சூழல் அறிக்கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே பருவத்து அளவு, அதுவும் மழையில்லாக் காலத்து அளவு. சுண்ணாம்புப் பாறையின் நீரோ மழைக்கு முன் ஒரு முகம், மழைக்குப் பின் ஒரு முகம் காட்டும். ஒரு பருவத்து அளவை வைத்து அதற்குச் சாதகம் எழுத முடியாது.

ஆகவே நாமே அளக்க வேண்டும். நிலக்கரி இருப்பதாகச் சொல்லப்படும் ஒவ்வொரு ஊரிலும் பத்துக் கிணறுகளையாவது தேர்ந்தெடுங்கள். ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் ஒன்று. நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். தண்ணீர் மாதிரியை அரசின் மண், நீர்ப் பரிசோதனை நிலையத்துக்கோ குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கோ கொடுங்கள். பி.எச்., டி.டி.எஸ். மட்டும் போதாது. மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், மெக்னீசியம், சல்பேட், பைகார்பனேட், குளோரைடு, இரும்பு, மாங்கனீசு எல்லாம் கேளுங்கள். முடிந்தால் ஒருமுறையாவது ஆர்சனிக், நிக்கல், பாதரசமும் பார்த்து வையுங்கள்.

இவற்றில் இரண்டு எண்களை எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், சல்பேட்டும் பைகார்பனேட்டும். கெடாத சுண்ணாம்பு நீரில் பைகார்பனேட்தான் பெரியண்ணன். கந்தக அமிலம் உள்ளே வந்தால் சல்பேட் மெல்ல ஏறி அந்த இடத்தைப் பிடிக்கும். பி.எச். அசையாமல் நிற்கும்போதே இந்த இடமாற்றம் நடந்துவிடும். முகமூடிக்குப் பின்னால் இருக்கும் முகத்தைக் காட்டிக்கொடுப்பது இந்த இரண்டு எண்கள்தான்.

நோட்டில் எழுதியதை வீட்டுப் பரணில் போட்டு வைக்கக் கூடாது. கிராம சபையில் வாசித்து, தீர்மானத்தில் சேர்த்து, நகல் வாங்குங்கள். ஊராட்சிப் பதிவேட்டில் ஏறிய எண்ணை யாரும் லேசில் தள்ளிவிட முடியாது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆயிரம் பேர் கோஷம் போடுவதும் வேண்டும், அந்தக் கோஷத்தின் பக்கத்தில் ஐந்து வருடத்து நோட்டும் வேண்டும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் தெளிவானதுதான். அரியலூரைப் பாதுகாக்கப்பட்ட மண்டலத்தில் சேர்க்க வேண்டும். எந்தச் சுரங்கத் திட்டமானாலும் குறைந்தது இரண்டு முழு ஆண்டுகளின் கிணற்று அளவுகள் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடவே கூடாது. ஓடும் சுரங்கங்களைச் சுற்றியுள்ள கிணறுகளின் முடிவுகளைத் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். சுரங்கத்தை மூடிய பிறகும் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அதற்கான பணமும் தோண்டியவர்களிடமிருந்து முன்கூட்டியே வாங்கப்பட வேண்டும்.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். இந்தத் தை மாதத்திலேயே முதல் பக்கத்தை எழுதிவிடலாம். அடுத்த முறை யாராவது பி.எச். 7.4 என்று தாளை நீட்டினால், "சரிங்க, சல்பேட் எவ்வளவு? போன வருஷம் எவ்வளவு?" என்று நம் ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் கேட்க வேண்டும். பதில் அவர்களிடம் இருக்காது. நம் நோட்டில் இருக்க வேண்டும்.